அப்பாவின் கழுத்தில் ஒரு கீல்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. சோம்பலாகச் சுற்றும் ஒரு மின்விசிறி இருந்தது, அதைச் சட்டைசெய்யாத ஒரு பல்லி இருந்தது. ஆனால் அப்பாவால் வேறு எங்கும் பார்க்க முடியாது. முந்தின நாள் சாயங்காலம் மாட்டிய காலர் இன்னும் அவர் கழுத்தில் நின்றுகொண்டிருந்தது. அதைப் பூட்டிய பொத்தான் திறக்கமாட்டேன் என்று அடம் பிடித்தது.

அவர் முகவாய்க்கு அடியில் மூன்று தலைகள் முட்டிக்கொண்டிருந்தன. ஒன்று அம்மா. இன்னொன்று, சிராங்கூன் ரோட்டில் எங்கள் மாடிவீட்டுக்குக் கீழே ஜவுளிக்கடை வைத்திருந்த காதர் பாய். மூன்றாவது, பஃபலோ ரோட்டிலிருந்து அவசரமாக அழைத்து வரப்பட்ட நகை வேலை செய்யும் பத்தர்.

"தலைவரே, மூச்சக் கொஞ்சம் வெளிய விடுங்க" என்றார் பத்தர்.

"விட்டுட்டுதான்யா இருக்கேன். உள்ள இழுக்கத்தான் முடியல" என்று அப்பா பல்லைக் கடித்தபடி சொன்னார்.

காதர் பாய் நிமிர்ந்தார். "எதுக்கு லா இவ்வளவு பாடு? கடையில துணி வெட்டுற கத்தரிக்கோல் இருக்கு. ஒரே வெட்டு, காலர் ரெண்டாயிரும், தலைவர் எந்திரிச்சிருவாரு."

அம்மா பதறிவிட்டார். "நல்ல நாளும் அதுவுமா ஒரு மனுஷன் கழுத்துல கத்தரிக்கோல வைக்கிறதா? என் கழுத்துல தாலி இருக்கு பாய். சாயங்காலம் பொண்ணு பார்க்க வர்றாங்க. வாயக் கழுவுங்க."

காதர் பாய் வாயை மூடிக்கொண்டார். அம்மா இப்படிப் பேசினால் அந்தத் தெருவில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவர்கள் பார்க்க வருவதாக இருந்த பெண் நான்தான். அந்தப் பொத்தானை எப்படித் திறப்பது என்பதும் எனக்குத் தெரியும். தெரியும் என்று வாயைத் திறந்தால் என் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால், சமையலறை வாசலில் தலையைக் குனிந்துகொண்டு முந்திரிப்பருப்பு உடைத்துக்கொண்டிருந்தேன்.

சட்டை வேறு, காலர் வேறு

இந்தத் தொடரைப் படிக்கிற இளம்பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டும். இப்போது சட்டையோடு காலர் தைத்து வருகிறது. அந்தக் காலத்தில் பெரிய உத்தியோகக்காரர்கள் சட்டை ஒன்று, காலர் ஒன்று என்று தனித்தனியாக வாங்குவார்கள். சட்டைக்குக் கழுத்துப் பக்கம் ஒரு பட்டி மட்டும் இருக்கும். கஞ்சியில் முக்கிக் காயவைத்துத் தேய்த்த காலரை அதன்மேல் சுற்றி, பின்னங்கழுத்தில் ஒரு பொத்தான், தொண்டைக்குழியில் ஒரு பொத்தான் என்று பூட்ட வேண்டும். கைப்பட்டிக்கும் அதே கதைதான். பொத்தானைக் கழற்றி வைத்துவிட்டுத் துணியை வண்ணானுக்குப் போடலாம், அவர் கல்லில் அடிக்கிற அடியில் பொத்தான் உடையாது என்பது இதில் உள்ள வசதி.

நான் சொல்கிற நாளில் இந்த வழக்கம் சிங்கப்பூரில் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. வெள்ளைக்காரர்களே மெத்தென்ற காலருக்கு மாறி, டையைத் தளர்த்திவிட்டுக்கொண்டு திரிந்தார்கள். அப்பா வேலை பார்த்த கப்பல் கம்பெனியில் கஞ்சி போட்ட காலரோடு மிச்சம் இருந்தவர் அவர் ஒருவர்தான். "இது ஒண்ணும் துணி இல்ல, நிமிர்ந்து நிக்கிறதுக்கு ஒரு பழக்கம்" என்பார். வியர்வை கொட்டும் ஊரில், மத்தியானத்துக்குள் அந்தக் காலர் நனைந்த அப்பளமாகிவிடும். அப்போதும் அவர் நிமிர்ந்துதான் நிற்பார்.

காலர் மட்டும் போதாது, பேச்சும் வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. எங்கள் வட்டாரத்துச் சங்கத்துக்கு அவர்தான் நிரந்தரத் தலைவர். காதுகுத்து ஆனாலும் கால்பந்துப் பரிசளிப்பு ஆனாலும் தலைமையுரை ஆற்றாமல் விடமாட்டார். எங்கள் வீட்டில் மீன் குழம்பா கறிக் குழம்பா என்பதைக்கூட, "அவையின் கருத்து என்ன?" என்று கேட்டு முடிவு செய்வார். அவையில் இருந்தது அம்மாவும் நானும்தான்.

பேச்சு உச்சத்துக்குப் போகும்போது அப்பாவின் கழுத்து புடைக்கும். கஞ்சி போட்ட துளைக்குள் சின்னத் தலை வைத்த பொத்தான்தான் நுழையும். நுழைந்த வழியாகவே அது வெளியேயும் வரும் என்பது அவருக்கு ஒரு ஆண்டுவிழாவில் புரிந்தது.

"தமிழர்களே!" என்று அவர் கர்ஜித்த மறுகணம் பொத்தான் தெறித்து மேசைக்கு அடியில் போனது. காலரின் இரண்டு முனைகளும் காதுப்பக்கம் கிளம்பின. அப்பா ஒரு கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார். சிறப்பு விருந்தினராக வந்த டாக்டர் மேசைக்கு அடியில் தவழ்ந்து பொத்தான் தேடினார். அப்பா உணர்ச்சிவசப்பட்டுத் தொண்டை அடைத்து நிற்கிறார் என்று நினைத்த ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

அப்பா வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன், பயமாக இருந்தது.

மணியம் அத்தான்

அப்பாவின் அக்கா மகன் மணியம். எனக்கு அத்தான் முறை. முறைப்படி என்னைக் கட்டிக்கொள்ள முதல் உரிமை அவருக்குத்தான். செம்பவாங்கில் நேவல் பேஸில், அதாவது கடற்படைத் தளத்தில், பிட்டர் வேலை. நீலச் சட்டை, எண்ணெய்க் கறை, எந்தப் பூட்டைக் கண்டாலும் கழற்றிப் பார்க்கிற விரல்கள். எனக்கு அவரைப் பிடிக்கும். அவருக்கும் என்னைப் பிடிக்கும். இதில் எந்தச் சிக்கலும் இல்லை, அப்பாவைத் தவிர.

அத்தை ஒருமுறை பேச்சை எடுத்தபோது அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "காலர் போடாத கழுத்துக்கு என் பொண்ணு மாலை போடமாட்டா, அக்கா."

அத்தைக்கு வந்த கோபத்தில் காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தை நான் டைப்ரைட்டரில் காட்டினேன். டைப்பிங் வகுப்பு டீச்சர், "கோமதி, சாவியத் தட்டு, குத்தாத" என்றார்.

அத்தான் மட்டும் கோபப்படவில்லை. அவர் மூளை வேறு விதமாக வேலை செய்தது. மாமாவுக்குக் காலர்தானே பெரிது? அந்தக் காலரையே நான் காப்பாற்றிக் கொடுத்தால்?

ஹை ஸ்திரீட் கடை ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் கீல் வைத்த பொத்தான்கள் இருந்தன. தண்டின் நுனியில் ஒரு குட்டிக் கட்டை. துளைக்குள் நுழைக்கும்போது அது தண்டோடு நேராகப் படுத்துக்கொள்ளும். நுழைந்த பிறகு விரலால் தட்டினால் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி குறுக்கே திரும்பி நிற்கும். நுழையும்போது சிறிசு, நுழைந்த பிறகு பெரிசு. அத்தான் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்ற நேரத்தைப் பார்த்து, கடைக்காரர் ஜாகாவைக் கூப்பிட்டுவிட்டாராம். ஜாகா என்றால் எங்கள் ஊர் காவல்காரர்.

"ஐடியா சரி, ஆனா கீல் லொடலொடங்குது. மாமா 'தமிழர்களே'ன்னா இது தானா நேராயிரும். குறுக்க திரும்புனதும் 'டக்'னு பூட்டிக்கணும். நாமா விட்டாத்தான் விடணும்" என்று அத்தான் என்னிடம் சொன்னார். எங்கள் வீட்டுப் பின்பக்கத்துச் சுழல் படிக்கட்டில் நின்றுகொண்டு, நான் மேல்படியிலும் அவர் கீழ்ப்படியிலுமாக, நாங்கள் பேசிய காதல் பேச்சு பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருந்தது.

தாமரை மொட்டு

எனக்குப் படம் போட வரும். ரவிக்கைக்குப் பூவேலை, கோலம், பள்ளிக்கூடத்து விழா மலருக்கு அட்டை என்று எதையாவது வரைந்துகொண்டிருப்பேன். ஆகவே பொத்தானின் படத்தை நான்தான் வரைந்தேன். அத்தான் அளவு சொல்வார், நான் போடுவேன், அவர் தலையைச் சொறிவார், நான் அழித்துவிட்டு மறுபடி போடுவேன்.

முதலில் கைப்பட்டிக்கு ஒரு ஜோடி செய்து பார்த்தோம். பூட்டு வளையலுக்கு வைக்கிற கீலை அப்படியே சின்னதாக்கிப் பத்தர் வெள்ளியில் செய்து கொடுத்தார். கைப்பொத்தான் அருமையாக அமைந்தது. அப்பா மாட்டிப் பார்த்து, கையை உதறி, மேசையைக் குத்தி, திருப்தியானார்.

"மணியம் செஞ்சதா? பரவால்லயே" என்றார். அம்மா அந்த நேரம் பார்த்து, "பிள்ளைக்கு மூளை இருக்கு" என்றார். அப்பா உடனே உஷாராகிவிட்டார். "பொத்தான் வேற, பொண்ணு வேற. ரெண்டையும் கலக்காத."

அடுத்தது காலர் பொத்தான். இங்கேதான் அத்தானுக்கும் எனக்கும் சண்டை வந்தது. பூட்டை விடுவிக்க ஒரு சின்ன முனையை அழுத்த வேண்டும். அதை முன்பக்கமே வைக்கலாம் என்றார் அவர். நான் சம்மதிக்கவில்லை. முன்பக்கம் நான் ஒரு தாமரை மொட்டு வரைந்திருந்தேன். மொட்டுக்குப் பக்கத்தில் திருகாணி மாதிரி ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தால் பார்க்க எப்படி இருக்கும்?

"அது தொழில், இதுல அழகு என்னா அழகு?" என்றார் அவர்.

"எங்கப்பா மேடையில நிக்கிறவரு. ஆணி அடிச்ச மாதிரி நிக்கணுமா?" என்றேன்.

நான் ஜெயித்தேன். தண்டைக் குழாயாக்கி, அதற்குள் ஒரு கம்பி ஓடவிட்டு, விடுவிக்கும் முனையைப் பின்பக்கம், அதாவது தொண்டையை ஒட்டி இருக்கிற வட்டத் தகட்டின் நடுவில் வைத்தோம். காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு விரலை விட்டு அமுக்கினால் போதும். அத்தான் தன் கழுத்தில் மாட்டிப் பார்த்தார். விரல் சுலபமாகப் போனது. 'டக்' என்று திறந்தது. படிக்கட்டில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம்.

அத்தானின் கழுத்து கொக்குக் கழுத்து என்பது அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. அப்பாவின் கழுத்தை அளக்கவும் வழியில்லை. தாய்மாமன் கழுத்தில் அளவு நாடா போடுகிற தைரியம் எந்த மருமகனுக்கு வரும்? நான் பீரோவிலிருந்த அவருடைய காலரை அளந்து கொடுத்தேன். அப்பா கல்யாணத்தின்போது போட்ட அதே அளவுக் காலரைத்தான் கடைசிவரை வாங்கினார். காதர் பாய் நயமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார்: "தலைவரே, ஒரு சைஸ் கூட்டிக்கிருவமா?" அப்பா, "எனக்கு என்ன வயசாயிருச்சா?" என்று கேட்டுவிட்டார். ஆகவே அந்தக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் விரல் என்ன, ஒரு வதந்திகூட நுழைய இடமில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்று படித்துவிட்டு, "கீல்ல ஒரு தப்பும் இல்லன்னு எழுது. சந்தனம்தான் கெடுத்துச்சுன்னு எழுது" என்கிறார். எழுதிவிட்டேன்.

சந்தனம்தான் கெடுத்தது

சனிக்கிழமை சாயங்காலம் சங்கத்தின் ஆண்டுக்கூட்டம். அப்பா புதுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு போனார். மறுநாள் என்னைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வருவதாக ஏற்பாடு ஆகியிருந்தது. பையன் டெலிபோன் இலாகாவில் கிளார்க், பெயர் ஜெயராமன். தினமும் காலர் போடுகிறவர் என்று அப்பா விசாரித்து வைத்திருந்தார். மெத்தென்ற காலர்தான், இருந்தாலும் காலர்.

கூட்டத்தில் நடந்ததை நம் வாசகர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. நம் விசேஷம் எதுவானாலும் வாசலில் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் இருக்கும். சாதாரண ஆட்கள் ஒரு விரலில் தொட்டுக்கொண்டு போவார்கள். தலைவர் வந்தால் சும்மா விடுவார்களா? நெற்றியில் ஒரு கீற்று, இரண்டு கையிலும் ஒரு பூச்சு, தொண்டைக்குழியில் அள்ளி ஒரு அப்பு. அன்றைக்கு மரியாதை செய்ய வந்தவர்கள் அதிகம். ஒவ்வொருவரும் தங்கள் அன்பைத் தாமரை மொட்டின் மேலேயே அப்பிவிட்டார்கள்.

அப்பா நீண்ட நேரம் பேசினார். இரண்டு முறை கர்ஜித்தார். பொத்தான் இம்மி அசையவில்லை. வீட்டுக்கு வரும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் மறக்க முடியாது. "மணியம் பொத்தான் மணியான பொத்தான்" என்று சொல்லிக்கொண்டே கழற்றப் போனார். அது கழலவில்லை. கீலுக்குள் இறங்கிய சந்தனம், மின்விசிறிக் காற்றில் காய்ந்து, சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது. பின்பக்க முனைக்கு விரலும் எட்டவில்லை. அப்பா அன்று இரவு நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கினார். அதாவது தூங்கவில்லை.

இட்லிப் பானை

ஞாயிறு மத்தியானத்துக்கு வருவோம். பத்தர் கையை விரித்துவிட்டார். "நான் கீல் மட்டும்தான் செஞ்சேன். உள்ள கம்பி வச்சது உங்க மருமவன். அவரத்தான் கூப்பிடணும்."

"அவன இன்னிக்கு இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்" என்றார் அப்பா, விட்டத்தைப் பார்த்து.

"அப்ப இந்தச் சந்தனக் காலரோட மாப்பிள்ள வீட்டுக்காரங்க முன்னாடி உட்காருங்க. வீட்டுக்காரருக்குக் கழுத்து வாதம்னு நான் சொல்லிக்கிறேன்" என்றார் அம்மா.

அம்மா பிடிவாதமாகச் சொல்ல, காதர் பாய் அத்தானை அழைத்துவரத் தன் கடை வேனை செம்பவாங்குக்கு அனுப்பினார். வேன் போய்வர நேரமாகிவிட்டது. அத்தான் வியர்க்க விறுவிறுக்க, கையில் கருவிப் பெட்டியோடு மாடியேறி வந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரம் நெருங்கியிருந்தது. எனக்குப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, அறைக்குள் உட்காரவைத்திருந்தார்கள். கதவு இடுக்கில் எல்லாம் தெரிந்தது.

அத்தான் குனிந்து பார்த்தார். "சந்தனம் மாமா. இளக்கணும். ஆவி புடிச்சா எளகிரும்."

அம்மா இட்லிப் பானையைக் கொண்டுவந்து அப்பாவின் மடிக்கு முன்னால் முக்காலியில் வைத்தார். அப்பா முகவாயை உயர்த்தி ஆவிக்குமேல் கழுத்தைக் காட்டினார். தலைக்குமேல் ஒரு துண்டு. பக்கத்தில் அத்தான், கையில் இடுக்கி. அந்த நிலையில்தான் வாசலில், "வணக்கம்" என்று ஒரு குரல் கேட்டது.

ஜெயராமனின் தாயார் முதலில் உள்ளே வந்தார். கனத்த, நிதானமான பெண்மணி. கூடம் முழுவதும் ஆவி. அதற்கு நடுவில் ஒருவர் துண்டைப் போர்த்திக்கொண்டிருக்க, எண்ணெய்க் கறை படிந்த சட்டைக்காரர் ஒருவர் அவர் தொண்டைக்கு நேரே இடுக்கியைப் பிடித்திருந்தார்.

"பல் வைத்தியமா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

அப்பா துண்டை எறிந்துவிட்டு எழுந்தார். முகம் வெந்த பீட்ரூட் நிறத்தில் இருந்தது. கழுத்தில் காலரும் சந்தனமும் அப்படியே. ஆனால் வந்தவர்களுக்கு முன்னால் தலைவர் தலைவர்தான். "வாங்க, வாங்க, உட்காருங்க. அன்புள்ள சம்பந்தி வீட்டாருக்கு..." என்று தலைமையுரையைத் தொடங்கிவிட்டார். அத்தான் கருவிப் பெட்டியோடு சுவரில் ஒட்டிக்கொண்டார்.

அம்மா வந்தவர்களுக்குக் கேசரி வைத்துவிட்டு, என் கையில் காப்பித் தட்டைக் கொடுத்தார். நான் வெளியே வந்தேன். ஜெயராமன் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அதையேதான் பார்த்தார்கள். ஆவியில் காலர் சுருங்கிவிட்டது! ஏற்கெனவே இல்லாத இடம் இப்போது இன்னும் இல்லாமல் போனது. "இந்த இனிய" என்றார் அப்பா. பிறகு "வேளை" என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது. கண் பிதுங்கியது.

"மாமா!" என்று அத்தான் கத்திக்கொண்டு ஓடிவந்து அப்பாவைத் தாங்கிப் பிடித்தார். அப்பாவின் தலை அவருடைய நீலச் சட்டை மார்பில் சாய்ந்தது. அத்தான் அவருடைய கழுத்தைத் தடவுகிறார், காலரை இழுக்கிறார், "மாமா, மாமா" என்று அழுகிறார். பூட்டைப் பற்றி எல்லாம் தெரிந்த அந்த விரல்கள் ஒன்றுக்கும் உதவவில்லை.

இனி மறைப்பதற்கு நேரமில்லை. தட்டைத் தரையில் வைத்தேன். கொண்டை ஊசியை உருவினேன். பூ எல்லாம் சரிந்து தோளில் விழுந்தது. அப்பாவின் முகவாய்க்கு அடியில் மண்டியிட்டு, காலரின் மேல் விளிம்புக்குள் ஊசியை இறக்கி, கண்ணை மூடிக்கொண்டு தகட்டின் நடுவைத் தேடினேன். நான் எத்தனையோ தடவை வரைந்து அழித்த இடம் அது. முனை தட்டுப்பட்டது. அழுத்தினேன்.

'டக்.'

காலர் இரண்டு பக்கமும் விரிந்தது. அப்பா இழுத்த மூச்சு கீழே கடைக்குப் போயிருந்த தன் காதுவரை கேட்டதாகக் காதர் பாய் பிறகு சொன்னார்.

அவையின் முடிவு

அப்பாவின் கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். அவர் அதைத் தடவிக்கொண்டே என்னையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கண்ண மூடிக்கிட்டே அமுக்குற எடம் ஒனக்கு எப்படித் தெரியும்? பத்தருக்கே தெரியலயே?"

நான் தரையைப் பார்த்தேன். அத்தான் மின்விசிறியைப் பார்த்தார். ஜெயராமனின் தாயார் என்னையும் அத்தானையும் பார்த்தார். அம்மா சமையலறை வாசலில் நிலையில் சாய்ந்தபடி நிதானமாகச் சொன்னார்:

"படம் போட்டவளுக்குத் தெரியாம இருக்குமா? பின்படிக்கட்டுல உட்கார்ந்து ரெண்டு பேரும் எத்தன நாளா போட்டாங்க. பென்சில் சீவிக் குடுத்ததே நான்தான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பென்சில் எப்போதும் கூராக இருந்ததை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. கத்தரிக்கோல் வேண்டாம், மணியத்தைக் கூப்பிடு என்று அம்மா மத்தியானம் முழுக்க ஏன் பிடிவாதம் பிடித்தார் என்பது இப்போதுதான் உறைத்தது.

"நீயுமா?" என்றார் அப்பா. அவர் குரல் அவ்வளவு சின்னதாக ஒலித்து நான் கேட்டதில்லை. தன் வீட்டில் தனக்குத் தெரியாமல் ஒரு கூட்டம் நடந்து முடிந்துவிட்டது என்ற வருத்தம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை, அழுதேன்.

அப்பா அத்தான் பக்கம் திரும்பினார். "ஒன் பொத்தான் என்னக் கொன்னுருக்கும்டா."

"ஆமா மாமா."

"நேத்து அவ்வளவு பேசினேன். ஒரு தடவையாச்சும் அசைஞ்சுதா?"

"அசையாது மாமா. அப்படித்தான் செஞ்சோம்."

"செஞ்சோம்" என்று அப்பா அந்த வார்த்தையை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அத்தானின் கன்னத்தில் கண்ணீரும் எண்ணெய்க் கறையும் கலந்து வழிந்திருந்தன. அப்பா பக்கத்திலிருந்த துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

பிறகு எழுந்து நின்றார். விரிந்த காலரை உருவி நாற்காலியில் வைத்தார். வெளியாட்கள் முன்னால் அவர் வெறுங்கழுத்தோடு நின்றது அதுதான் முதல் தடவை. தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடைத் தமிழில், கொஞ்சம் கம்மிய குரலில் பேசினார்:

"வந்திருக்கும் பெரியோர்கள் என்னை மன்னிக்க வேண்டும். இன்றைய கூட்டம் ஒரு நோக்கத்துக்காகக் கூட்டப்பட்டது. ஆனால் இந்த அவையில் பெரும்பான்மையோர் எனக்கு முன்பே வேறு ஒரு முடிவை எடுத்துவிட்டார்கள் என்று தெரிகிறது. ஆகவே, என் மகள் கோமதியை என் மருமகன் மணியத்துக்குக் கொடுப்பதென, தலைவர் என்ற முறையில்..." இங்கே குரல் உடைந்தது. "அவளுக்குத் தகப்பன் என்ற முறையில், நான் முன்மொழிகிறேன்."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அத்தான் துண்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். அப்பா பழக்கதோஷத்தில், அடுத்த ஆளுக்காகக் காத்து நின்றார். முன்மொழிந்தால் வழிமொழிய ஆள் வேண்டும். வீட்டு ஆட்கள் மூவருமே அழுதுகொண்டிருந்தோம், யாருக்கும் குரல் எழும்பவில்லை.

ஜெயராமன் தன் தாயாரைப் பார்த்தார். அந்த அம்மாள் கேசரியை விழுங்கிவிட்டு, தலையை ஆட்டினார். என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கணீரென்று சொன்னார்:

"வழிமொழிகிறேன்."